இன்னைக்கி டாக்டர்

தேனி மாவட்டத்தில், ஏன், மலையேறி இடுக்கியையும் சேர்த்தே சொல்கிறேன், தன்னைத் தேடி வந்த நோயாளியைப் பார்த்து "ஏன் வந்தே?" என்று கேட்ட ஒரே டாக்டர் அவள்தான். மற்ற டாக்டர்கள் "என்ன பண்ணுது?" என்பார்கள். குறைந்தபட்சம் உட்காரவாவது சொல்வார்கள். இவள் முக்காலியில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கி ஏன் வந்தே?" என்பாள். அந்த 'இன்னைக்கி'யில் ஓர் அழுத்தம் இருக்கும். நேற்றே வந்திருந்தால் மரியாதையாக நடத்தியிருப்பாளோ என்று வந்தவருக்குத் தோன்றும்.

ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். "எம் மருமக கூட இப்படி மொகத்துக்கு நேரா கேட்டதில்ல தாயி. நா வர்றேன்."

இவள் வாசல் வரை துரத்திக்கொண்டு போனாள். "கோச்சுக்காத அப்பு. வயித்துவலி மூணு மாசமா இருக்குங்கற. மூணு மாசம் சும்மா இருந்துட்டு இன்னைக்கி ஏன் வந்தே? அதத்தான் கேக்குறேன்."

பெரியவர் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரும் இப்படித்தான் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்து, முந்தாநாள் போய்ச் சேர்ந்துவிட்டாராம். "பயமா இருக்கு தாயி" என்றார். அவர் வயிற்றை இவள் தொடுவதற்கு முன்பே பாதி வைத்தியம் முடிந்துபோனது.

இப்படித்தான் போடி ஜனங்கள் அவளுக்கு 'இன்னைக்கி டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் உதைப்பாள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் மருத்துவம் படித்தவர்கள். நான் அவளை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவேன். நான் ஸ்கேன் டாக்டர். இருட்டு அறை, ஏசி, வாய் பேசாத படங்கள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க." இத்தனை வருடத்தில் நான் நோயாளிகளிடம் பேசிய மொத்த வசனமும் இவ்வளவுதான்.

அவள் எங்கள் வகுப்பிலேயே நிறைய மதிப்பெண் வாங்கியவள். இதய மருத்துவம், நரம்பியல் என்று எதற்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவள் வெளியூருக்குப் போய்க் குடும்ப மருத்துவம் படித்துவிட்டு வந்தாள். அதாவது காய்ச்சல், இருமல், முதுகுவலி, முட்டிவலி. அதற்காக ஒருத்தி மூன்று வருடம் மேற்படிப்பு படித்தாள் என்றபோது எங்கள் பேராசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று விசாரித்தார்.

அவள் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போடியில் போர்டு மாட்டிப் பிழைத்துக்கொண்டிருப்பாள். சளிக்கும் இருமலுக்கும் பேராசிரியர்கள் வேண்டும், ஆராய்ச்சி வேண்டும், அதற்குப் பிள்ளைகள் வரவேண்டும் என்று ஆரம்பித்தாள். "ஊரே இருமுது. அதுல காலேஜ் ஆஸ்பத்திரி வரைக்கும் வர்றவன் எவனோ ஒருத்தன். அந்த ஒருத்தனைப் பாத்துட்டு ஊருக்கே புஸ்தகம் எழுதுறீங்களேடா, வெக்கமா இல்ல?" என்று என்னைக் கேட்பாள். நான் எந்தப் புத்தகமும் எழுதியதில்லை. இருந்தாலும் வெட்கப்பட்டு வைப்பேன்.

நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவக் கல்லூரி நிர்வாகத்தைக் கரைத்து ஒரு துறையும் தொடங்கிவிட்டாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். உடைந்த நாற்காலிகள் போட்டு வைக்கும் அறையை அவளுக்குக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். முழுக்கக் காலி பண்ணவில்லை. சுவரோரமாக மூன்று கால் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் இவள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பாள். மேற்படிப்புக்கு வருடம் இரண்டு இடம். மூன்று வருடத்துக்குள் ஒரு மாணவராவது சேரவேண்டும், இல்லாவிட்டால் துறையை மூடிவிடுவோம் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. துறை போனால் போடியில் இருந்த பயிற்சி கிளினிக்கும் போய்விடும்.

அந்த கிளினிக் ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய ஏலக்காய்க் கோடௌன். நோயாளிச் சீட்டை எடுத்தால் பாயசம் சாப்பிட வேண்டும் போலிருக்கும். கிளினிக் நேரம் காலை ஐந்தரை மணி. ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஆறரைக்கு மேல் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறிவிடும், இறங்கி வரும்போது அவர்களுக்கு உயிர் இருக்காது, ஆகவே போகும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அதற்காக எம்.பி.பி.எஸ். பயிற்சி மாணவர்களை நாலு மணிக்கு எழுப்பிக் கல்லூரி வேனில் கொண்டுவருவார்கள். வந்து இறங்கும் கோலத்தைப் பார்த்தால் யார் நோயாளி என்று தெரியாது.

அவளிடம் ஒரு சட்டம் உண்டு. சீட்டில் முதல் வரியில் 'இன்னைக்கி ஏன் வந்தே?' என்ற கேள்விக்கு நோயாளி சொன்ன பதிலை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதவேண்டும். அதை எழுதாமல் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடக்கூடாது. பூச்சிமருந்து தெளித்துத் தெளித்துக் கையெல்லாம் வெடித்துப்போன ஒரு அம்மாவிடம் மாணவன் ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டு, "நாளைக்கி மகளைப் பொண்ணு பாக்க வர்றாக. இந்தக் கையால எப்படிய்யா காப்பி குடுக்குறது?" என்று எழுதி வைத்திருந்தான். அந்தச் சீட்டை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். "இதுக்கு எந்தப் புஸ்தகத்துலடா மருந்து இருக்கு?" என்றாள்.

ஒருமுறை மாணவர்களைத் தொழிலாளிகளோடு ஜீப்பிலேயே ஏற்றிவிட்டாள். மேலே தோட்டத்து லயங்களை, தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, போய்ப் பார்க்கவேண்டுமாம். பதினைந்து பேர் அடைத்த ஜீப்பில் ஒரு மதுரைப் பையன் நான்காவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்க ஆரம்பித்தவன் போடிமெட்டு செக்போஸ்ட் வரை நிறுத்தவில்லை. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கில் வைத்து, முதுகைத் தடவிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இறங்கியதும் இவள் அவனிடம் நோட்டை நீட்டி, "யாரு பேஷண்ட், யாரு டாக்டர்? எழுது" என்றாள். பையன் மறுநாளே கண் மருத்துவம் படிப்பதென்று முடிவெடுத்தான்.

ஆள் பிடிப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கல்லூரி கேண்டீனில் அவள் தலையைக் கண்டால் இறுதியாண்டுப் பிள்ளைகள் பாதி வடையோடு எழுந்து ஓடும். ஒரு தடவை மாணவனின் அப்பாவுக்கே போன் போட்டுவிட்டாள். "உங்க மகனுக்கு இருமல்ல ஆராய்ச்சி பண்ற ஞானம் இருக்குங்க" என்றாள். அவர், "எங்க வம்சத்துல யாருக்கும் அப்படி எதுவும் கிடையாதேம்மா" என்று கவலையோடு சொன்னார். முதல் வருடம் யாரும் சேரவில்லை. இரண்டாவது வருடமும் இல்லை. நாங்கள் மதியச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மூன்றாவது வருடம் பயிற்சி மாணவியாகக் கலைவாணி வந்தாள். குரங்கணிப் பெண். அம்மா ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பவள். வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே முதல் டாக்டர். கிளினிக் சீட்டுகளையெல்லாம் கூட்டிக் கழித்து, மழை நாட்களில் முட்டிவலிக்காரர்கள் இரண்டு பங்கு வருகிறார்கள் என்று வரைபடம் போட்டுக் கல்லூரிக் கருத்தரங்கில் காட்டினாள். எலும்பு டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். காற்றில் ஈரம், மூட்டுக்குள் அழுத்தம் என்று பத்து நிமிடம் பேசினார். நானும் கைதட்டினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "ஒரே ஒரு சந்தேகம். இவங்கெல்லாம் அன்னைக்கி ஏன் வந்தாங்க?"

"மழை பெஞ்சதால மேடம்."

"அவங்க சொன்னாங்களா, நீ சொல்றியா?"

கலைவாணி சீட்டுக் கட்டைப் புரட்டினாள். சீட்டில் முதல் வரி ஒவ்வொன்றிலும் பதில் இருந்தது. ஆராய்ச்சிக்கு அது எதற்கு என்று அவள் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கணக்கில் எடுத்திருந்தாள்.

அடுத்த மழை நாளில் இன்னைக்கி டாக்டர் அவளைக் கிளினிக் வாசலிலேயே நிறுத்தினாள். வீட்டுக்கு ஏலக்காய் வாங்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். பேச்சியம்மா என்று ஒரு தொழிலாளி, இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கி ஏன் வந்தீங்க?" என்று கலைவாணி கேட்டாள்.

"மழ பேஞ்சா மெட்டு ரோட்டுல பாறை உருண்டுருதுல்ல? ஜீப்பு ஓடாது. ஜீப்பு ஓடலைன்னா சோலி இல்ல. சோலி இல்லைன்னாத்தான ஆத்தா வலிய கொண்டாந்து காட்ட முடியும்?" என்ற பேச்சியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "நீ குரங்கணிக்காரி மகதான? ஒங்கம்மா எங்கூடத்தான ஜீப்புல வர்றா? அவளுக்கும் முட்டி போச்சு. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

கலைவாணி கோடௌனுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். "தெரியும் மேடம். சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். காலேஜுக்கு வந்து மறந்துட்டேன்" என்றாள். இன்னைக்கி டாக்டர் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "அந்த முதல் வரியச் சேத்து மறுபடி எழுது. இத எழுதத்தான் ஆள் தேடிட்டு இருக்கேன்" என்றாள்.

மேற்படிப்புக்கு உங்கள் துறையில்தான் சேரப்போகிறேன் என்று கலைவாணி ஒரு மாதம் கழித்துச் சொன்னாள். தேர்விலும் நல்ல இடத்தில் வந்திருந்தாள். அன்று இன்னைக்கி டாக்டர் கல்லூரி வராந்தாவில் ஓடினாள். எங்கள் வயதில் யாரும் ஓடக்கூடாத ஓட்டம். என் இருட்டு அறைக் கதவைத் திறந்து, உள்ளே ஸ்கேன் நடக்கிறது என்றுகூடப் பார்க்காமல், "டேய், ஒண்ணு சிக்கிருச்சுடா!" என்று கத்தினாள். படுத்திருந்தவர் தனக்குள் ஏதோ சிக்கிவிட்டதாக நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தன் காசில் ஒரு புது நாற்காலி வாங்கினாள். நீல நிறம், நாலு காலும் உண்டு. மூன்று கால் நாற்காலிகளுக்கு நடுவே அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அதில் யாரையும் உட்கார விடவில்லை. என்னையும்கூட.

இனி சொல்வது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை.

எந்தப் படிப்பு என்று பதிவு செய்யக் கடைசி நாளுக்கு முந்தின நாள், கலைவாணி என் அறைக்கு வந்தாள். நல்ல மழை. குரங்கணியிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்துபோய் வந்திருந்தாள்.

"அம்மா அழுகுறாங்க சார். இவ்வளவு படிச்சிட்டு சளிக்கு மாத்திரை குடுக்கவான்னு கேக்குறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

அவளிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நல்லாப் படிக்கிற பொண்ணு நீ, உனக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கு என்னை மாதிரி ரேடியாலஜியே எடுக்கலாம், அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடலாம், குடும்ப மருத்துவத்துக்கு இந்த நாட்டில் உத்தியோகம் எங்கே, பேராசிரியர் பதவி எங்கே, அந்த மேடம் நல்லவங்க, ஆனால் அவங்க கனவுக்கு நீ ஏன் பிழைப்பைக் கெடுத்துக்கணும் என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் பேசியது பொய்யும் இல்லை. என் துறையைத் தேடி ஒரு கெட்டிக்காரப் பெண் வந்துவிட்டாள் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது.

கலைவாணி ரேடியாலஜி எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். துறையை மூடினார்கள். உடைந்த நாற்காலிகள் மறுபடி நடு அறைக்கு வந்தன. நீல நாற்காலியை அவள் போடி கிளினிக்குக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த மூன்றாவது வருடத்தைப் பற்றி மதியச் சாப்பாட்டில் யாரும் ஜோக்கடிக்கவில்லை.

அவள் என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. போடி கிளினிக்கை ஒப்படைக்க நிர்வாகம் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருந்தது. அந்த ஒரு மாதமும் மாணவர் யாரும் இல்லாமல் தனியாக ஐந்தரைக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. ஏலக்காயைக்கூடக் கல்லூரி வாசல் மளிகைக் கடையில் வாங்கினேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு என் அறை வாசலில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முறைப்படி சீட்டு போட்டு, தன் முறைக்குக் காத்திருந்து உள்ளே வந்தாள். நடை கோணலாக இருந்தது. சீட்டில் இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் அந்த நீல நாற்காலி. ஆட்டோக்காரர் ஒருவர் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

படம் எடுத்து வெளிச்சத்தில் போட்டேன். லயம் லயமாக மலை ஏறி இறங்கிய முட்டி. எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. வேறு யார் முட்டியாக இருந்தாலும் இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருப்பேன்.

"எத்தனை வருஷமா வலிக்குது ஆத்தா?"

"அது ஆச்சுடா, நாலு வருஷம்."

"நாலு வருஷமா? காலேஜுக்குள்ளயேதான நான் இருக்கேன்? இந்த நெலமையில வச்சுக்கிட்டு, இன்னைக்கி ஏன்…"

அதோடு நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கிளினிக் சாவியக் குடுத்துட்டு நேரா இங்கதான் வர்றேன். இன்னைக்கி ஜீப்பு ஓடலடா" என்றாள்.

நான் அழுதேன். நாற்பத்தைந்து வயதில், வேலை நேரத்தில், உதவியாளர் பார்க்க அழுதேன். இருட்டு அறையில் வேலை பார்ப்பதால் உள்ள ஒரே வசதி அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"கலைவாணிக்குச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். அவளே சொன்னா."

"ரேடியாலஜி பத்திக் கேக்க வந்தா…"

"அதுக்கு மழையில ரெண்டு பஸ்சு மாறி வருவாளாடா? போன்ல கேட்டிருக்க மாட்டாளா?" அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "போம்மா, சேருன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்னு வந்திருக்கா. அதுவும் என் சிநேகிதன் சொன்னா அம்மாகிட்டப் போய்ச் சொல்லிக்கலாம்னு வந்திருக்கா. நீ கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா. சரி விடு. வெரசா ரிப்போர்ட்ட எழுது, பஸ்சுக்குப் போறேன்."

நாற்காலியை என் அறையிலேயே விட்டுவிட்டுப் போனாள். கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஒரு முட்டி அறுவை சிகிச்சை முடிந்தது, இன்னொன்று பாக்கி. போடியில் அந்தக் கோடௌனில் மறுபடி ஏலக்காய் மூட்டை அடுக்கிவிட்டார்கள். பேச்சியம்மா முட்டியை எங்கே காட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நீல நாற்காலியில் இப்போது நோயாளிகளை உட்கார வைக்கிறேன். "இன்னைக்கி ஏன் வந்தீங்க?" என்று கேட்டும் பார்த்தேன். பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். அவளுக்கு வந்த மாதிரி எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குப் போன் பண்ணுகிறேன். எடுத்ததும் 'ஹலோ' கிடையாது. "இன்னைக்கி ஏன் கூப்பிட்டே?" என்றுதான் கேட்கிறாள். ஒரு வாரம் மாத்திரையில் சந்தேகம் என்றேன். ஒரு வாரம் மழை நிலவரம் கேட்டேன். போன வாரம் தவறிப்போய்க் கை பட்டுவிட்டது என்றேன். அவளும் நம்பியது போல "ம்" கொட்டினாள். உண்மையான காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். இந்த வாரமும் கேட்டால் பத்திரிகையைப் பார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உன் குரலைக் கேட்காமல் என்னால் ஒரு வாரம் இருக்க முடியவில்லை, ஆத்தா.